வெளிநாட்டு முகவரி இருந்தாலே கூட்டாய்வா?

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 120 கட்டுரைகள் வந்திருக்கின்றன. 30 கட்டுரைகளில் வெளிநாட்டு முகவரி இருக்கிறது. தர மதிப்பீட்டு அறிக்கையில் ‘பன்னாட்டுக் கூட்டாய்வு 25 சதவீதம்’ என்று போடச் சொல்கிறார் முதல்வர். போடலாமா?
— உதவிப் பேராசிரியர், நாமக்கல்

பதில்: வகுத்தது சரி. ஆனால் அந்த 30 கட்டுரைகளையும் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். இந்தக் கணக்கு யார் யாரோடு வேலை செய்தார்கள் என்று பார்ப்பதில்லை, ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே உள்ள முகவரியைத்தான் பார்க்கிறது. இரண்டு நாட்டு முகவரி இருந்தால் பன்னாட்டுக் கூட்டு, அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து உண்டு. உங்கள் துறையில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இருவர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதில் ஒருவர் மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருகைதரு ஆய்வாளர் என்று இரண்டாவது முகவரியும் போடுகிறார். உடனே அது பன்னாட்டுக் கூட்டாகிவிடும். ஒருவரே தனியாக எழுதி இரண்டு முகவரி போட்டாலோ, சில தரவுத்தளங்கள் ‘தனி ஆசிரியர்’ என்று ஒதுக்கிவிடும், சில அதையும் கூட்டில் சேர்க்கும். தன்னோடு தானே கூட்டு! இந்த மாதிரிக் கட்டுரைகளை முதலில் கழித்துவிடுங்கள்.

மறுமுனையும் உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு மையத்திலிருந்து வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப்பட்டியல்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் முழுசாக ஒன்று என்று எண்ணினால் எல்லோருக்கும் கொண்டாட்டம். அதனால் பங்குக் கணக்கையும் போடுங்கள்: மூன்று நாடுகள் சேர்ந்திருந்தால் நாட்டுக்கு மூன்றில் ஒன்று. கேட்பவர்கள் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் வைத்திருப்பார்கள். பரவாயில்லை, இன்னொன்றை அடிக்குறிப்பில் எழுதுங்கள்.

அப்புறம், வாட்ஸாப்பில் வரும் தரகர்கள். ‘வெளிநாட்டு இணை ஆசிரியர் ஏற்பாடு செய்கிறோம்’ என்று முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாவது பெயருக்கு ஒரு விலை சொல்வார்கள். தொடவே தொடாதீர்கள். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும், பெரும்பாலும் இந்த மாதிரி முறைகேடுகளால், 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அப்படி ஆனால் தரகர் போனை எடுக்கமாட்டார், கட்டுரைமேல் விழுந்த முத்திரை உங்கள் பெயரோடு நிற்கும். எண் கேட்டு நெருக்குகிற அமைப்புதானே இவர்களுக்குச் சோறு போடுகிறது?

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கேள்வி போதும்: அந்த வெளிநாட்டுக்காரர் என்ன செய்தார்? மாதிரி அனுப்பினாரா, அளவீடு எடுத்தாரா, மாணவரை வழிநடத்தினாரா? ஒரு மின்னஞ்சல்கூடக் காட்டமுடியாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள். 30 என்பது 14 ஆனாலும் சரி, மதிப்பீட்டுக் குழு கேட்டால் பதில் இருக்கும்.

தரவை ஓப்பன்அலெக்ஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். உங்கள் கல்லூரிப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள், எல்லா வடிவத்திலும் தேடிப் பாருங்கள்.