தம்பியின் கண்ணுக்குக் கொடுப்பது பரீட்சார்த்த மருந்தா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவன். காய்ச்சல், வயிற்றோட்டம், மெலிவு என்று மாறி மாறி வர, இரத்தம் சோதித்ததில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி அணுக்களின் கணக்கான சிடி4 28 என்றார்கள். இப்போது இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன, ஒரு ஓரம் மறைக்கிறது என்கிறான். கண் வைத்தியர் பார்த்துவிட்டு, சி.எம்.வி வைரஸ் விழித்திரையைத் தாக்கியிருக்கிறது, கண்ணுக்குள் ஊசியும் குளிசையும் உடனே தொடங்க வேண்டும் என்கிறார். இது வெளிநாட்டில் எயிட்ஸ் நோயாளிகளில் பரிசோதித்த மருந்து என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். தம்பியை வைத்துச் சோதனை செய்கிறார்களா? எச்.ஐ.வி மருந்து தொடங்கினால் கண் தானாகச் சரிவராதா? அம்மா, நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டுப் பார்ப்போம் என்கிறா.
- ஒரு சகோதரி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும்போது தம்பிக்கு இன்னும் மருந்து தொடங்கவில்லை என்றால், நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கண் வைத்தியரிடம் போங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். இந்த நோயில் செத்துப்போன விழித்திரை திரும்ப உயிர்க்காது. மிச்சமிருப்பதைத்தான் மருந்தால் காப்பாற்ற முடியும்.

சி.எம்.வி என்கிற சைட்டோமெகலோ வைரஸ் நம்மில் பெரும்பாலானோரின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது தலைதூக்காது. சிடி4 50-க்குக் கீழே இறங்கியதும் விழித்து, அநேகமாகக் கண்ணைத்தான் பிடிக்கும். தம்பியின் கண்மணியை மருந்துவிட்டு விரித்துப் பார்த்தபோது வைத்தியர் கண்டது, வெள்ளைச் சோற்றில் சம்பல் சிதறினாற்போல, வெளுத்த திட்டும் அதன் நடுவே இரத்தக் கசிவுமாக இருந்திருக்கும். வெளியே கண் சிவக்காது, நோகாது. அதனால்தான் பலர் 'கண்ணாடி மாற்ற வேண்டும் போல' என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

இனி உங்கள் உறவுக்காரர் சொன்னது. எயிட்ஸ் நோயாளிகளில் பரிசோதித்த மருந்து என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பரிசோதனைகள் முடிந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவற்றின் பலனைத்தான் உங்கள் தம்பி இன்றைக்கு வாங்கப் போகிறார்.

எண்பதுகளில் எயிட்ஸ் வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரளவில் இந்தக் கண் நோய்க்கு ஆளானார்கள். கன்சிக்ளோவிர் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1989-இலும் ஃபொஸ்கார்னெட்டுக்கு 1991-இலும் அனுமதி கிடைத்தது. மருந்து உண்மையிலேயே நோயை நிறுத்துகிறதா என்று எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? நோய் விழித்திரையின் ஓரத்தில் மட்டும் இருந்தவர்களை, அதாவது நடுப்பார்வைக்கு உடனடி ஆபத்து இல்லாதவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே மருந்து. மற்றவர்களைப் படமெடுத்துக் கவனித்துக்கொண்டே இருந்து, நோய் நகர்ந்தால் அப்போது மருந்து. எந்தப் படம் யாருடையது என்று தெரியாதவர்கள் அந்தப் படங்களை வாசித்தார்கள். 1991-இல் வெளியான ஃபொஸ்கார்னெட் ஆய்வில் சேர்ந்தவர்கள் 24 பேர்தான். மருந்து பெறாதவர்களில் சராசரியாக 3.2 வாரத்தில் நோய் நகர்ந்துவிட்டது. பெற்றவர்களில் 13.3 வாரம் சென்றது. நாளைக்கே போங்கள் என்று நான் நெருக்குவது இந்த 3.2 வாரத்தை வைத்துத்தான்.

அடுத்து இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 234 பேர் சேர்ந்த அந்த ஆய்வு 1992 தொடக்கத்தில் வெளியானது. கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் சமம். ஆனால் ஃபொஸ்கார்னெட் குழுவினரில் பாதிப்பேர் 12.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், கன்சிக்ளோவிர் குழுவில் அது 8.5 மாதம். வித்தியாசம் தெரிந்ததும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, முடிவைச் சொல்லிவிட்டார்கள். ஃபொஸ்கார்னெட் எச்.ஐ.வி-யையும் ஓரளவு அடக்கும், ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைத் தாங்க முடியாமல் மருந்தை மாற்றியவர்களும் அதிகம். இந்த மாதங்களைப் பாருங்கள், சகோதரி. ஆய்வில் சேர்ந்தவர்களில் பலர் தாங்கள் ஒரு வருடம் இருப்பது கஷ்டம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அப்போதெல்லாம் நெஞ்சில் குழாய் வைத்து, தினமும் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். அந்தச் சிறையிலிருந்து நோயாளியை விடுவித்தது, விழுங்கியதும் உடம்புக்குள் கன்சிக்ளோவிராக மாறும் வல்கன்சிக்ளோவிர் குளிசை. 160 பேரைச் சேர்த்த ஆய்வு 2002-இல் வெளியானது. நான்காம் வாரத்தில் பார்த்தால், நரம்பு வழியாக ஏற்றியவர்களிலும் குளிசை விழுங்கியவர்களிலும் நோய் நகர்ந்தது பத்தில் ஒருவருக்குத்தான். தம்பிக்கு எழுதியிருப்பது அநேகமாக இந்தக் குளிசையாகத்தான் இருக்கும். வழக்கமாக மூன்று வாரம் 900 மில்லிகிராம் காலையும் மாலையும், பிறகு நாளுக்கு ஒரு வேளை. சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவைக் குறைப்பார்கள். சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. இது வெள்ளை அணுக்களைக் குறைக்கும் மருந்து, ஆகவே இரத்தப் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். திருமணமானவர் என்றால், மருந்து எடுக்கும் காலத்திலும் முடிந்து மூன்று மாதத்துக்கும் ஆணுறை கட்டாயம்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் யாருக்கும் நெஞ்சு பதறும். கண்ணை மரக்கச் செய்துவிட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மெல்லிய ஊசியால் சில நொடியில் மருந்தைச் செலுத்திவிடுவார்கள். நடுப்பார்வைக்குப் பக்கத்தில் நோய் இருந்தால் மருந்து அங்கே உடனே போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான் ஊசி. ஆனால் ஊசி அந்தக் கண்ணை மட்டும் காக்கும். வலது கண்ணையும் உடம்பின் மற்ற உறுப்புகளையும் காக்கக் குளிசை வேண்டும். இரண்டில் ஒன்று போதாதா என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி மருந்து மட்டும் போதுமா என்றால், போதாது. சிடி4 ஏற மாதங்கள் எடுக்கும், அதற்குள் கண் போய்விடும். அதற்காக அதைத் தள்ளிப்போடவும் கூடாது. கண் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்குவதுதான் வழக்கம். அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் 2004-இலிருந்து அது இலவசம், விபரம் வெளியே போகாது. சிடி4 100-க்கு மேல் ஏறி மூன்று முதல் ஆறு மாதம் நிலைத்து நின்றால், கண் வைத்தியர் பார்த்து வல்கன்சிக்ளோவிரை நிறுத்திவிடலாம். அந்தக் காலத்து நோயாளிகளுக்குச் சாகும்வரை நிறுத்த வழியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிடி4 ஏறும்போது சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை மங்கும். மருந்து ஒத்துவரவில்லை என்று நினைத்துத் தாமாக நிறுத்திவிடாமல் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நந்தியாவட்டைச் சாறு வேண்டாம். நோய் கண்ணின் பின்சுவரில் இருக்கிறது, மேலே விடும் எந்தச் சொட்டும் அங்கே போய்ச் சேராது. அதோடு, இவ்வளவு எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் கண்ணில் சுத்தமில்லாத சாறு விட்டால் கருவிழியில் புண் வரலாம். அம்மாவைக் கடிந்துகொள்ளாமல், பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்லுங்கள். தம்பியோடு ஒரே பானையில் சாப்பிடுவதாலோ ஒரே வீட்டில் இருப்பதாலோ எச்.ஐ.வி வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே யாராவது ஆய்வு ஒன்றில் தம்பியைச் சேர்க்க நினைத்தால், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும், அவருக்கு விளங்கும் தமிழில் எல்லாம் எழுதிக் கொடுத்து, அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். மாட்டேன் என்றாலும் வழமையான சிகிச்சை கிடைக்கும். இடையில் விலகவும் உரிமை உண்டு. அப்படி எதுவும் கேட்கவில்லை என்றால், கிடைப்பது வழமையான வைத்தியம்தான். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடமே நேராகக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் காலையில் தம்பி ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள கலண்டரைப் பார்க்கட்டும், பிறகு மற்றக் கண்ணால். புதிதாக ஒரு இடம் மறைந்தாலோ, மின்னல் போல வெளிச்சம் அடித்தாலோ, திரை விழுந்த மாதிரித் தெரிந்தாலோ விழித்திரை கழன்றிருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும் சரி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கிளினிக் கொப்பியையும் கடைசி இரத்த அறிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள்.