"அப்பா பெங்களூரு போயிருக்கார்"

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். 5 வாரத்துக்கு முன் தொப்பூர் கணவாயில் லாரி மோதி என் மச்சான் இறந்துவிட்டார். வண்டியில் கூட வந்த 6 வயது மகனுக்குக் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததால் அப்பாவின் சாவுச் சடங்கை அவன் பார்க்கவில்லை. அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது ராத்திரி பாயை நனைக்கிறான். என் தங்கச்சி கண்ணில் படாவிட்டால் அலறுகிறான். பொம்மை லாரியை நாளெல்லாம் சுவரில் மோதவிடுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டியும் குறையவில்லை. நேற்று, "நான் தண்ணி கேட்டதாலதான் அப்பா வரலையா மாமா?" என்றான்.

— ஒரு தாய்மாமன்

அன்புள்ள சகோதரருக்கு,

பெங்களூரு கதையை அவன் நம்பவில்லை என்பதைத்தான் அந்தக் கேள்வி காட்டுகிறது. காரணம் தெரியாத இடத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் தங்களையே காரணமாக்கிக்கொள்வார்கள். முதலில் உண்மையைச் சொல்லுங்கள். லீவு நாளில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். "அப்பா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யாது, இனி வரமாட்டார். லாரி மோதினதாலதான். நீ தண்ணி கேட்டதால இல்ல." இவ்வளவு போதும். 'தூங்கிட்டார்' என்றால் பிள்ளை தூங்கவே பயப்படும். 'சாமிகிட்ட போயிட்டார்' என்றால் எப்போது திரும்புவார் என்று கேட்கும். கேட்ட உடனே அவன் விளையாடப் போய்விடலாம், அதே கேள்வியைப் பத்து முறை கேட்கலாம். பதில் மாறக்கூடாது. அம்மா அழுதால் அழட்டும், மறைக்க வேண்டாம்.

பொம்மை லாரியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்து யார் வருவாங்க? ஆம்புலன்ஸ் வருமா?" என்று கேளுங்கள். ஆட்டம் கொஞ்சமும் மாறாமல் இறுகிய முகத்தோடு தொடர்ந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பாய் நனைந்தால் திட்டும் வேண்டாம், கேலியும் வேண்டாம். பகலில் நிறையத் தண்ணீர் கொடுங்கள், படுக்க 2 மணி நேரத்துக்கு முன் குறையுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. தங்கச்சி வெளியே போகும்போது நழுவிப் போகாமல் சொல்லிவிட்டு, முதலில் 2 நிமிடம், பிறகு 5 நிமிடம் என்று போய், சொன்ன நேரத்தில் திரும்பட்டும். துக்கம் கேட்க வருபவர்கள் "எப்படிடா ஆச்சு?" என்று அவனைக் கிளறாமல் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் இந்தப் பயமும் பாய் நனைப்பதும் பலருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டிவிட்டதால் காத்திருக்க வேண்டாம்; தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். இதற்கு மாத்திரையைவிட, பேச வைத்து மனதை ஆற்றும் சிகிச்சைதான் முதலில். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை.

தங்கச்சி தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவேயில்லை. மகனைக் காட்டும் அன்றே அவருக்கும் ஒரு சீட்டு போடுங்கள்.