ரத்தப் பையில் காற்று நின்றால் ஆபத்தா?

கேள்வி: எனக்கு 21 வயது, ஊர் காரிமங்கலம் பக்கம். போன வாரம் தர்மபுரியில் ஒரு கல்லூரி முகாமில் முதல்முறையாக ரத்தம் கொடுத்தேன். டியூபில் குமிழிகள் ஓடின, பை நிரம்பிய பிறகும் மேலே கொஞ்சம் காற்று நின்றது, எடுத்தவர் கண்டுகொள்ளவே இல்லை. "காத்து ரத்தத்துல கலந்தா நெஞ்சை அடைச்சிடும்" என்று அம்மா பயப்படுகிறார், இரண்டு நாளாக எனக்கும் படபடப்பு. அந்தக் காற்று எனக்குள் ஏறியிருக்குமா? அதை ஏற்றிக்கொள்பவருக்கு ஆபத்தா? சிரிஞ்ச் போட்டு உறிஞ்சி எடுத்திருக்கலாமே?

பதில்: தம்பி, முதலில் படபடப்பை முடித்துவிடுவோம். காற்று ரத்தக்குழாயில் போய் அடைத்தால் கட்டிலை விட்டு எழுவதற்குள்ளேயே தெரிந்துவிடும், மூச்சு திணறும், நெஞ்சு வலிக்கும், ஆள் துவண்டுவிடுவார். நாலைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் வருகிற படபடப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து, தூக்கம் கெட்டு, இதையே நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். இன்னும் இரண்டு நாளில் அடங்காவிட்டால், நடுவில் மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனேயே, அரசு மருத்துவமனைக்குப் போய் ஈசிஜியும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

பை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதற்குள்ளும் டியூபுக்குள்ளும் கொஞ்சம் காற்று இருக்கும், அதுவும் பையோடு சேர்த்துக் கிருமி நீக்கப்பட்ட காற்றுதான். ஊசி ஏறியதும் உங்கள் ரத்தம் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு பைக்குப் போனது, நீங்கள் பார்த்த குமிழிகள் அவை. கையில் கட்டும் கஃப் 40 முதல் 60 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ரத்தக்குழாயைப் புடைக்க வைத்திருக்கிறது, பை கைக்குக் கீழே தாழ்வாக ஆடிக்கொண்டிருக்கிறது, ஆக ஓட்டம் முழுக்க மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. கவனம் வேண்டிய இடம் இரண்டுதான். பரிசோதனைக்கென்று முதல் 30 மில்லி போலப் பிடிக்கும் சின்னப் பை இருந்தால், டியூபை அடைக்காமல் அதைப் பிதுக்கக்கூடாது. கடைசியில் டியூபை இறுக்கி மூடும் கிளாம்ப் போட்ட பிறகே கஃபைத் தளர்த்த வேண்டும். வரிசை மாறி, பையையும் யாராவது கைக்கு மேலே தூக்கிவிட்டால், பையில் இருப்பது திரும்பி வர வழி கிடைக்கும். எடுத்தவர் இந்த வரிசையில் செய்திருந்தால் உங்கள் குமிழியைக் கண்டுகொள்ளாததில் தப்பே இல்லை.

சிரிஞ்ச் யோசனைதான் எனக்குப் பயம். பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஓர் இடத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் பை அழகாக இருக்கட்டும் என்று ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நிமிடமே அது மூடிய பை இல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் மருந்தோடு 35 நாள் குளிரில் வைத்திருக்கக்கூடிய ரத்தம், ஒரு துளை விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். கொட்டினோம். நம் விரலிலும் அறைக் காற்றிலும் இருக்கும் கிருமிக்கு ஓர் ஊசித்துளை போதும், அதைவிட உள்ளே இருக்கும் குமிழி எவ்வளவோ தேவலை.

காற்றை எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. ஒரு பையோடு இன்னும் இரண்டு மூன்று காலிப் பைகள் டியூபால் இணைந்தே வரும். இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி ரத்தத்தை அடுக்கடுக்காகப் பிரித்த பிறகு, ரத்தம் பிடித்த தாய்ப்பையை மெதுவாக அழுத்தினால் மேலே நிற்கும் காற்றுதான் முதலில் அடுத்த பைக்குப் போகும், அதன் பின்னால் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. வேண்டாத காற்றை அதே டியூப் வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டு சீலரால் சூடாக்கி ஒட்டிவிடுவார்கள். எங்கும் ஊசி கிடையாது, காற்று வெளியே போவதும் கிடையாது, இடம்தான் மாறுகிறது. டியூபை ஒரு கருவியால் வழித்து வழித்துத் தள்ளியதைப் பார்த்திருப்பீர்களே, அது வேறு காரியம். 350 மில்லி பையில் உறையாமல் இருக்க 49 மில்லி மருந்து இருக்கிறது, டியூபில் தங்கிய ரத்தத்தோடு அது கலக்காவிட்டால் உறைந்துவிடும். கலக்குவதும் மெதுவாகத்தான், மோர் கடைவதுபோல் குலுக்கினால் நுரைத்து சிவப்பணுக்கள் உடையும்.

ஏற்றிக்கொள்பவர் விஷயத்தில் அம்மாவின் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. அப்போது ரத்தம் கண்ணாடிப் பாட்டிலில் இருந்தது, பாட்டில் சுருங்காது என்பதால் ரத்தம் இறங்க வெளிக்காற்றை உள்ளே விட்டாக வேண்டும், அவசரத்துக்குக் காற்றை அடித்து ஏற்றியபோது அதுவே நோயாளிக்குள் போன கொடுமையும் நடந்திருக்கிறது. 1950 வாக்கில் அமெரிக்காவில் கார்ல் வால்டர் என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். பை காலியாகக் காலியாகத் தானே சப்பிப் போகிறது, வெளிக்காற்று தேவையில்லை. உயிருக்கு ஆபத்து என்று புத்தகங்கள் சொல்லும் அளவு, வேகமாக ஏறும் 200 முதல் 300 மில்லி காற்று. பையில் நிற்பது ஒன்றிரண்டு ஸ்பூன், அதுவும் மேலேயே நிற்கும், ரத்தம் இறங்குவது அடியிலிருந்து. தொப்பூர் கணவாயில் விபத்து என்று ஆளைத் தூக்கி வரும்போது பையைச் சுற்றி அழுத்தப் பட்டை கட்டி வேகமாக ஏற்றுவோம், அங்கே மட்டும் அந்த ஒரு ஸ்பூன் காற்றையும் ஆளுக்குள் போக விடக்கூடாது. பை தீரும்வரை ஒருவர் கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே நிற்பார், கடைசிச் சொட்டுவரை பிதுக்க மாட்டார்.

அடுத்த முறை எப்போது கொடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: கொடுத்த நாளிலிருந்து 90 நாள் கழித்து. வயிறு காலியாகப் போகாதீர்கள், வரும்போது அம்மாவையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வையுங்கள், குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரே பார்க்கட்டும்.