ப்ராம் இரவுக்கு லிமோ பேசுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் ஏப்ரல் பிறந்துவிட்டால் மேல்நிலைப் பள்ளிகளில் ப்ராம் எனப்படும் நடன விருந்துக் காலம் தொடங்கிவிடுகிறது. கவுனையும் டக்ஸீடோவையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள். லிமோ என்னும், ஓட்டுநருடன் வாடகைக்குக் கிடைக்கும் சொகுசு வண்டியைப் பேசும் பொறுப்பு மட்டும் பெற்றோர் தலையில் வந்து விழுகிறது. இம்முறை வந்தவற்றில் அதைப் பற்றிய கேள்விகளே மிகுதி என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளும் அவளுடைய நண்பர்களுமாகப் பத்துப் பேர் ஃப்ரீமாண்ட்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கும் ப்ராமுக்குச் செல்ல லிமோ தேடுகிறோம். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யும் ஒருவர் மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொல்கிறார். ஆனால் முழுத் தொகையையும் ஸெல் என்னும் வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக இப்போதே அனுப்பச் சொல்கிறார். நம்பி அனுப்பலாமா?

பதில்: பணப் பேச்சுக்குப் போவதற்கு முன் அவரிடம் டி.சி.பி. எண்ணைக் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் ஓட்டுநருடன் வண்டியை வாடகைக்கு விடுபவர் எவரும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடம், அதாவது சி.பி.யு.சி.யிடம், உரிமம் பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமத்தின் எண்ணைத்தான் டி.சி.பி. எண் என்கிறார்கள். விளம்பரத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். எனவே இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அது இல்லாமலிருப்பதும், கேட்டபின் "அதெல்லாம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று மட்டும் பதில் வருவதும் நல்ல அறிகுறிகள் அல்ல.

எண் கிடைத்ததும் ஆணையத்தின் இணையதளத்தில் அதைத் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் காப்பீடு காலாவதியானால் அந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஆணையத்துக்குப் போய் உரிமமும் நிறுத்தப்படுகிறது என்பதால், இந்த ஒரு தேடலில் காப்பீட்டு நிலவரமும் ஓரளவு தெரிந்துவிடும். அங்கே பதிவாகியிருக்கும் பெயரும் உங்களுக்கு அனுப்பப்பட்ட ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். ப்ராம் காலத்தில் கையில் ஒரு வண்டிகூட இல்லாதவர்கள் ஆர்டர் பிடித்து, வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவது வழக்கமாக நடக்கிறது. அப்படியானால் உண்மையில் வண்டி ஓட்டப்போகிறவரின் எண்ணைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அடுத்தது இருக்கைகள். 7 பேர் வரை அமரும் வண்டிக்கு 7,50,000 டாலர், 8 முதல் 15 பேர் வரை அமரும் வண்டிக்கு 15 லட்சம் டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 50 லட்சம் டாலர் என்று குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகை வகுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பத்துப் பேருக்கு நடு வகை பொருந்தும். எட்டுப் பேருக்கு அனுமதி பெற்ற வண்டியில் பத்துப் பேரை நெருக்கி உட்காரவைப்பதற்கு எந்தக் காரணம் கொண்டும் இணங்காதீர்கள். 2013 மே 4 அன்று சான் மாட்டியோ பாலத்தில் ஒரு லிமோ தீப்பற்றி எரிந்து, அதிலிருந்த ஒன்பது பெண்களில் ஐவர் இறந்ததை இப்பகுதியில் நெடுநாள் வசிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வண்டிக்கு எட்டுப் பயணிகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அதன் பிறகுதான் நீட்டிக்கப்பட்ட லிமோக்களுக்கு அவசர வழி, இரண்டு தீயணைப்பான், நெடுஞ்சாலைக் காவல்துறையினரின் 13 மாதங்களுக்கு ஒரு முறையேனுமான சோதனை ஆகியவை கட்டாயமாயின. கிளம்புவதற்கு முன் அவசர வழியைப் பற்றி ஓட்டுநர் பயணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. அவர் சொல்லாவிட்டால் உங்கள் மகள் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், பத்துப் பேருக்குப் பழைய நீண்ட லிமோவைவிட உயரமான கூரையுள்ள ஸ்ப்ரின்டர் வேன் பொருத்தமானது. கவுன் கசங்காமல் நிமிர்ந்து ஏறலாம், தொழிற்சாலையிலேயே பயணிகள் வண்டியாகத் தயாரிக்கப்பட்டதாக இருந்தால் சீட் பெல்ட்டும் முறையாக இருக்கும். ஓட்டுநரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் ஏறும் வண்டியை ஓட்ட, வணிக ஓட்டுநர் உரிமமும் பயணிகளை ஏற்றுவதற்கான கூடுதல் அனுமதியும் தேவை. அது ஓட்டுநரிடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி வட்டாரத்தில் 2018 அக்டோபரில் இருபது பேர் இறந்த லிமோ விபத்தில், அந்த வண்டி முந்தைய மாதச் சோதனையில் தேறாமல் ஓட்டக்கூடாதென்று விலக்கப்பட்டிருந்தது; ஓட்டியவரிடம் அதற்குரிய உரிமமும் இல்லை. குடித்துவிட்டு ஓட்ட வேண்டாமே என்றுதான் அந்த நண்பர்கள் வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

ஸெல் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பாதீர்கள். நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் அதில் ரொக்கம் கொடுத்ததற்குச் சமம். பொருளோ சேவையோ வராவிட்டால் காப்பாற்றும் ஏற்பாடு அதில் கிடையாது. தெரிந்தவர்களுக்கு மட்டுமே அனுப்புங்கள் என்று அந்தச் சேவையே அறிவுறுத்துகிறது. முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அதை மறுக்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மணிக்கு 150 டாலர் என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கு 900 டாலர் என்று கணக்குப் போட்டு மற்ற பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன். வந்த மதிப்பீட்டிலோ 1,440 டாலர் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா?

பதில்: முழுக்க ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இத்தொழிலில் பலர் வண்டி அவர்களுடைய கொட்டகையிலிருந்து கிளம்பும் நேரத்திலிருந்து அங்கே திரும்பிச் சேரும் வரை கணக்கிடுகிறார்கள். கொட்டகை உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி தூரத்தில் இருந்தால், ஆறு மணி நேரம் எட்டாகி 1,200 டாலர் ஆகிவிடும். அதன் மேல் 20 விழுக்காடு டிப் சேர்த்தால் 1,440 வந்துவிடுகிறது. அருகிலேயே கொட்டகை உள்ள நிறுவனம் மணிக்கு 170 டாலர் கேட்டாலும் மொத்தத்தில் மலிவாக முடியக்கூடும் என்பதால், மணிக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

டிப்பை அவர்களே கட்டாயமாகச் சேர்க்கிறார்கள் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் கலிஃபோர்னியச் சட்டப்படி, கட்டாயமாக வசூலிக்கும் தொகை எதுவும் விளம்பரப்படுத்திய விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அரசு வரிகளைப் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. விருப்பப்பட்டுக் கொடுக்கும் டிப்புக்கு இது பொருந்தாது. எரிபொருள் கூடுதல் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று கடைசியில் முளைப்பவற்றுக்கும் இதே சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். இன்னொன்று: ஃப்ரீமாண்ட் பக்கத்திலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் பாலங்களில் மேற்கு நோக்கிச் செல்லும்போது மட்டுமே சுங்கம் வாங்குகிறார்கள். திரும்பும் வழிக்கும் சேர்த்து இரண்டு சுங்கம் போட்டிருந்தால் ஒன்றை நீக்கச் சொல்லுங்கள்.

கூடுதல் நேரத்துக்கு என்ன கட்டணம், அதை அரை மணியாகக் கணக்கிடுவார்களா முழு மணியாகவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ப்ராம் இரவில் புகைப்படம் எடுக்கும் வீட்டிலேயே முக்கால் மணி நேரம் நழுவிவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது, நான்கு மாதங்களுக்கு முன் உரிமம் வாங்கிவிட்டான். நண்பர்களை அவனே ஏற்றிக்கொண்டு போகட்டும் என்றால் என்ன?

பதில்: முடியாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் உரிமம் பெற்ற முதல் பன்னிரண்டு மாதங்களில், பெற்றோரோ 25 வயது நிரம்பிய உரிமதாரர் ஒருவரோ உடன் இல்லாமல், இருபது வயதுக்குட்பட்டவர்களை ஏற்றவோ இரவு 11 முதல் காலை 5 வரை ஓட்டவோ கூடாது. ப்ராம் முடிவதே பெரும்பாலும் பதினொரு மணிக்குத்தான். இரண்டு பெற்றோர் மினிவேனில் கொண்டுபோய்விட்டு அழைத்துவருவது செலவில்லாத வழி. பிள்ளைகள் சிணுங்குவார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது நான். வண்டிக்குள் பிள்ளைகள் யாராவது மது கொண்டுவந்துவிட்டால் என் நிலை என்ன?

பதில்: பதிவு செய்யும்போதே, பயணிகளில் 21 வயதுக்குட்பட்டவர் உண்டா, வண்டியில் மது இருக்குமா என்று நிறுவனம் உங்களிடம் கேட்டாக வேண்டும். அந்த வயதுக்குட்பட்டவர்கள் ஏறும் வண்டியில் மது இருக்கும் என்றால், குறைந்தது 25 வயதான பொறுப்பாளர் ஒருவர் உடன் பயணிக்க வேண்டும் என்பது 2013 முதல் நடப்பிலிருக்கும் விதி. பள்ளிப் பிள்ளைகளின் வண்டியில் மது இருக்காது என்று எழுதிக் கொடுத்துவிடுவதே முறை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு புட்டி தென்பட்டால், ஓட்டுநர் பயணத்தை முடித்து அனைவரையும் கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிட ஒப்பந்தம் இடம் தருகிறதா, பணம் திரும்பி வராதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வராது. இருக்கைத் துணி கறைபட்டால் சுத்தம் செய்யும் கட்டணமும் கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும்.

ஆகவே கையெழுத்துக்கு முன் பத்துக் குடும்பங்களிடமும் பங்குத் தொகையை வாங்கிவிடுங்கள். சேதம் ஏற்பட்டால் யார் கொடுப்பது என்பதையும் வாட்ஸ்அப் குழுவிலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். உறவும் நட்பும் கெடுவது பெரும்பாலும் 40 டாலர் சண்டையில்தான்.

கேள்வி: சென்ற ஆண்டு வெள்ளை நிற எஸ்கலேட் என்னும் பெரிய சொகுசு எஸ்.யு.வி. பேசினோம். வந்தது பதினைந்து ஆண்டுப் பழைய டவுன் கார் என்னும் செடான், அதுவும் நாற்பது நிமிடம் தாமதமாக. பணம் திரும்பக் கேட்டால் "கிடைத்ததை அனுப்பினோம்" என்கிறார்கள்.

பதில்: ஒப்பந்தத்தில் "அல்லது அதற்கு இணையான வண்டி" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், பழைய டவுன் கார் எஸ்கலேடுக்கு இணை என்று வாதிடுவது அவர்களுக்கு எளிதல்ல. கார்டில் கட்டிய தொகையை, அது இடம்பெற்ற அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் எழுத்து வடிவில் மறுத்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நின்றிருக்கும். அந்தக் கெடு கடந்துவிட்டது என்பதால், ஒப்பந்தம், வந்த வண்டியின் படம், நேரம் தெரியும் குறுஞ்செய்திகள் ஆகியவற்றுடன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். தவறினால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை வழக்குத் தொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சந்தேகம் இருந்தால், அதே சான்றுகளைப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்கும் புகாராக அனுப்புங்கள்.

இந்த ஆண்டு வண்டி பேசும்போது, வண்டியின் தயாரிப்பு ஆண்டு, நிறம், இருக்கை எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே வரட்டும். எத்தனை நிமிடம் தாமதமானால் எவ்வளவு கழிவு என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள்.