கடனுக்காகப் பாட்டை எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: வயது 32. ஆறு வருடம் ஐடி வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு மூன்று வருடமாக நானே எழுதி, மெட்டமைத்து, பாடி வருகிறேன். சென்னையில் அம்மாவுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வீட்டுச் செலவு மாதம் 27,000 ரூபாய். போன வருடம் கல்லூரி விழா, கம்பெனி நிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷன் எல்லாம் சேர்த்து 7.2 லட்சம் வந்தது. வாத்தியக்காரர்கள், வண்டி, ஸ்டுடியோ போக மிஞ்சியது 4.6 லட்சம். இதில் ஸ்ட்ரீமிங் வருமானம் 38,000 மட்டுமே. ஆல்பத்துக்காகக் கிரெடிட் கார்டில் செலவழித்ததில் 1.4 லட்சம் இன்னும் நிற்கிறது. பழைய பி.எஃப். 3.6 லட்சமும், 8 பவுன் நகையும் இருக்கின்றன. ஓர் இசை நிறுவனம் என் 9 பாடல்களையும் எல்லா உரிமைகளோடும், எக்காலத்துக்கும், உலகம் முழுமைக்கும் என்று 3.5 லட்சத்துக்குக் கேட்கிறது. கொடுத்துவிடலாமா? இல்லை, வேலைக்கே திரும்பிவிடவா?

பதில்: 3.5 லட்சம் மோசமான தொகை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரீமிங்கில் இப்போது வருவதை வைத்துப் பார்த்தால் ஒன்பது வருடப் பணம் ஒரே நாளில் கைக்கு வருகிறது. பழைய பாட்டைக் கேட்பவர்கள் வருடம் போகப் போகக் குறைவதும் உண்டு. அப்படியிருந்தும் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு பாட்டுக்குள் சட்டப்படி மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. உங்கள் விஷயத்தில் மூன்றும் உங்களுடையவை. பதிவுக்கு முன்னின்று பொறுப்பேற்றவரே ஒலிப்பதிவின் உரிமையாளர். ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். இசைக்கோர்ப்பு செய்து கொடுத்தவர் நண்பராக இருந்து, அவரோடு எழுத்தில் எதுவும் இல்லையென்றால், இந்த வாரமே ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.

வரிகளுக்கும் மெட்டுக்கும் 2012-ல் வந்த பதிப்புரிமைத் திருத்தம் பெரிய பாதுகாப்பு. உரிமையை மாற்றிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டிலிருந்து வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதியவரும் மெட்டமைத்தவரும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை விற்றால் விற்றதுதான். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த காகிதத்தில் இரண்டையும் கவனமாக எழுதியிருக்கிறார்கள் என்பதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

அதனால் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவதுபோல, ஒலிப்பதிவை மட்டும் 5 அல்லது 7 வருடத்துக்கு உரிமம் கொடுப்பதாகப் பதில் எழுதுங்கள். தொகையை ஒன்றரை லட்சமாக இறக்கினாலும் ஒப்புக்கொள்ளலாம். அந்தத் தொகை கழிந்த பிறகு வரும் வருமானத்தில் பாதியைக் கேளுங்கள். விளம்பரத்திலோ வெப் சீரிஸிலோ பாட்டைப் பயன்படுத்த உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சுயாதீனப் பாடகருக்கு ஒரே பாட்டில் மொத்தமாகப் பணம் வரக்கூடிய இடம் அது.

மறுபதிவு செய்யக்கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் மூலப் பதிவுகள் 2019-ல் அவர் விரும்பாத கைகளுக்குப் போயின. வரிகளிலும் மெட்டிலும் அவருக்கு உரிமை இருந்ததால், அவற்றில் நான்கை 2021 முதல் மறுபடி பாடி வெளியிட முடிந்தது. மூலப் பதிவுகளை வாங்கி மீட்க 2025 வரை ஆனது. அவ்வளவு செல்வாக்கு உள்ளவருக்கே அத்தனை வருடம் என்றால், நாம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதுதான் சரி. இந்தத் துறை தெரிந்த ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்து ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் உறுப்பினராகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் உங்களுக்குத் தருவது ஒலிப்பதிவின் பங்கு மட்டும்தான். வானொலி, டிவி, மேடை, ஸ்ட்ரீமிங் எல்லாவற்றிலும் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய பங்கை 1969-லிருந்து இயங்கிவரும் இந்தச் சங்கம்தான் வசூலித்துப் பிரிக்கிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இரண்டு தகுதியிலும் சேர்ந்து 9 பாடல்களையும் பதிவு செய்யுங்கள். பெரிய தொகை வரும் என்று ஆசை காட்டமாட்டேன். ஆனால் அது உங்கள் பணம், கேட்டு வாங்காமல் விட்டால் வராது. இன்னொன்று, கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து ஒலிப்பதிவுப் பங்கு தருவதில்லை. மாதம் ஒரு பாட்டு என்று அவசரமாக வெளியிடுவதைவிட, வந்த பாட்டை நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் உழைப்பைப் போடுங்கள்.

சரி, கடனுக்கு வருவோம். கார்டில் மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதா மாதம் ஏறக்குறைய 4,900 ரூபாய் வட்டிக்கே போகிறது. உங்களை அந்தக் காகிதத்தின் பக்கம் தள்ளுவதே இந்த வட்டிதான். அதை நிறுத்த மூன்று நான்கு பவுனை வங்கியில் வைத்து நகைக் கடன் வாங்கி, கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள். 10 சதவீதம் என்றாலும் வட்டி மாதம் 1,200-க்குள் நிற்கும். நகையைப் பிரிய மனம் வராதுதான், ஆனாலும் அது திரும்பி வரும் நகை. பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி அறிவித்தார்கள், முதுமைக்கு என்று உங்களிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.

உங்கள் தொழிலில் பணம் சீராக வராது. ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரி விழாக்கள், டிசம்பரில் கம்பெனி விருந்துகள், தை, வைகாசி, ஆவணியில் கல்யாணங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது. அதனால் வரும் பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் 1-ஆம் தேதி 27,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குச் சம்பளம்போல மாறட்டும். நல்ல மாதத்திலும் அதே தொகைதான். இதைச் செய்தாலே வருடக் கடைசியில் 1.36 லட்சம் நிற்கவேண்டும்.

அதிலிருந்து முதல் செலவு மருத்துவக் காப்பீடு. வேலையோடு கம்பெனி பாலிசியும் போயிருக்கும். அம்மாவுக்குத் தனியாகவும் உங்களுக்குத் தனியாகவும் எடுங்கள், இருவருக்கும் வருடம் 45,000 வரை ஒதுக்கலாம். அம்மாவின் சர்க்கரையை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருடம்தான். தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும், பாட முடியாத மாதங்களைப் பார்த்துக்கொள்ளாது. கடன் முடிந்ததும் ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கம்பெனிகள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்கும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், தாக்கல் செய்தால் அது முழுதாகத் திரும்ப வரும். தாமதமாகச் செய்வோருக்கு டிசம்பர் 31 கடைசி, அதைத் தாண்டினால் ரீஃபண்ட் வாங்குவது பெரும்பாடு. வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை சினிமாப் பாடகர்களுக்கு உண்டு. சுயாதீனப் பாடகர்களை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எப்படியும் வரி வராது என்பதால் உண்மையான செலவுகளைக் காட்டியே தாக்கல் செய்யுங்கள். 20 லட்சத்துக்குக் கீழ் இருப்பதால் ஜி.எஸ்.டி. கவலை இப்போது வேண்டாம்.

இனி வேலை. காப்பீடும் நகைக் கடன் வட்டியும் போக வருடம் ஏறக்குறைய 77,000 மிஞ்சும், அதாவது கடன் தீர இரண்டு வருடம் ஆகும். நிறுவனம் உரிமத்துக்கு ஒத்துக்கொண்டு ஒன்றரை லட்சம் தந்தால் உடனே தீர்ந்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வாரம் இரண்டு மாலை பாட்டு சொல்லிக் கொடுத்து மாதம் 8,000 சம்பாதித்தால் ஒரு வருடத்துக்குள் நகையை மீட்டுவிடலாம். ஐடி வேலைக்குத் திரும்பவேண்டிய கட்டாயம் இந்தக் கணக்கில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த தை வந்தும் நகைக் கடன் பாதிகூட குறையவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது பகுதிநேர வேலையைப் பற்றிப் பேசுவோம்.