போர்க்கால அகதிச் சிறுவர்களைப் பற்றிய படங்களில் சண்டைக் காட்சிகள் ஏன் குறைவு?

போரால் ஊரைவிட்டு ஓடிய பிள்ளைகள் எப்படி உயிர் பிழைக்கிறார்கள் என்பதைச் சொல்பவைதான் இந்தப் படங்கள். யார் ஜெயித்தார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது, தம்பியை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் அதன் கவலை. கேமராவும் பிள்ளையின் கண் உயரத்திலேயே நிற்கிறது.

ஈரான் இயக்குநர் பஹ்மான் கோபாதியின் 'டர்டில்ஸ் கேன் ஃப்ளை' (2004) படம் நல்ல உதாரணம். ஈராக்–துருக்கி எல்லையில் குர்து இனச் சிறுவர்கள் கண்ணிவெடிகளைத் தோண்டியெடுத்து விற்றுச் சாப்பிடுகிறார்கள். இரண்டு கைகளும் இல்லாத ஒரு பையன் வாயாலேயே வெடியைச் செயலிழக்கச் செய்வான். பத்து நிமிடச் சண்டைக் காட்சியைவிட இது ஆழமாகத் தைக்கிறது.

இந்தப் பிள்ளைகளின் நிலையை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தர்மபுரிப் பக்கம் மழை பொய்த்தால் அப்பா, அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் அக்காதான் சோறாக்கி, தம்பிக்குத் தலைவாரி விடுவாள். அவளுக்காவது பாட்டி உண்டு, ரேஷன் கடை உண்டு, பள்ளியில் மதியச் சாப்பாடு உண்டு. போர் வந்தால் இதெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

இது எங்கோ தூரத்துக் கதை என்றும் ஒதுக்க முடியாது. ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணையிலும், பென்னாகரம் பக்கம் நாகாவதி அணையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன.

அப்புறம், பிள்ளைகள் நடித்திருப்பதால் இவை பிள்ளைகளுக்கான படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேலே சொன்ன படத்தில் பாலியல் வன்முறையும் தற்கொலையும் வருகின்றன. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.