4 வயதுக்கும் 9 வயதுக்கும் சேர்த்து என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?

முதலில் அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள், ரிமோட் கார் வேண்டாம் என்று.

மகனுக்கு 4, மகளுக்கு 9, இரண்டு பேரின் பிறந்தநாளும் ஒரே மாதத்தில் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணா "என்ன வேணும் சொல்லு, பெட்டியில போட்டு அனுப்புறன்" என்கிறார், பிள்ளைகளோ போனை விட்டு எழும்புவதில்லை. இதுதானே நீங்கள் கேட்டது? நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் 11 வருடமாகப் படிப்பிக்கிறேன், வீட்டிலும் இரண்டு வால்கள் இருக்கின்றன. அதனால் எந்தச் சாமான் எத்தனை நாளில் உடையும் என்று கொஞ்சம் தெரியும்.

ரிமோட் காருக்கு என்ன குறை என்றால், எங்கள் மண்தான். விறாந்தைச் சீமெந்தில் இரண்டு நாள் வடிவாக ஓடும், மூன்றாம் நாள் முற்றத்துக்கு இறங்கும், பல்சில்லுக்குள் மணல் போய் கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. போன வருடம் ஒரு தகப்பன் மகன் அழுகிறான் என்று அப்படி நின்றுபோன கார் ஒன்றை எங்கள் முன்பள்ளிக்கே தந்துவிட்டுப் போனார். பிள்ளைகள் அதில் ஒரு கயிறு கட்டி, மேலே மண் ஏற்றி, ஒரு மாதம் இழுத்துத் திரிந்தார்கள். பற்றரி இருக்கும்வரை கார்தான் விளையாடியது, பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் நான் என்னைக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்: இதில் சாமான் விளையாடப் போகுதா, பிள்ளை விளையாடப் போகுதா? பொத்தானை அழுத்தினால் தானே பாடி, தானே ஆடி, தானே வெளிச்சம் அடிக்கிறது என்றால் திரும்ப வைத்துவிடுவேன். போனும் அப்படித்தானே, எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுகிறது.

நான் வளர்ந்தது போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில். பற்றரி உள்ளே வர விடமாட்டார்கள், ரேடியோவே சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் கேட்டோம், அந்த நேரத்தில் பற்றரி போட்டு விளையாட்டுச் சாமானா! என் அண்ணா கிழிந்த செருப்பில் வட்டமாகச் சில்லு வெட்டி, பழைய பேணியில் பூட்டி லொறி செய்து தருவார். பனங்காய்க் காலம் வந்தால் பனங்காய் வண்டில். குரும்பட்டியும் ஈர்க்கும் இருந்தால் தேர். அந்தக் காலம்தான் நல்லது என்று சொல்ல வரவில்லை, எனக்கும் ஒரு கண் மூடித் திறக்கும் பொம்மை வேண்டும் என்று அழுத ஞாபகம் இருக்கிறது, கிடைக்கவேயில்லை. ஆனால் அந்த லொறியைச் செய்த ஒரு பின்னேரம்தான் மறக்கவில்லை, அது ஓடியதை விட.

உங்கள் 4 வயது மகனுக்கு நான் சொல்வது மரக்கட்டைகள். காசு கொடுத்து வெளிநாட்டுப் பெட்டி வாங்கத் தேவையில்லை. எங்கள் முன்பள்ளிக்கு ஊரில் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் வெட்டுத் துண்டுகள் கேட்டோம். ஒரே ஒரு நிபந்தனை, அளவு. தடிப்பைப் போல இரண்டு மடங்கு அகலம், அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். நியூயோர்க்கில் 1914இல் பள்ளிக்கூடம் தொடங்கிய கரோலின் பிராட் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்குச் செய்வித்த கட்டைகளின் கணக்கு இது. இரண்டு சின்னக் கட்டை வைத்தால் ஒரு பெரிய கட்டைக்குச் சரியாக வரும், அரைவாசி இரட்டிப்பு எல்லாம் நாங்கள் படிப்பிக்காமலே அவர்கள் கைக்கு வந்துவிடும். ஓரங்களை நன்றாகத் தேய்த்து வழுவழுப்பாக்கித் தரச் சொல்லுங்கள், பெயின்ற் வேண்டாம். முதல் கிழமை அடுக்கி விழுத்துவார், பிறகு மாட்டுக் கொட்டில், பிறகு குளமும் வாய்க்காலும். எங்கள் பிள்ளைகள் இரணைமடுக் குளத்தைக் கட்டிவிட்டு, கதவு திறக்கிறோம் என்று வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றிய நாளும் உண்டு. (அன்றைக்கு வகுப்பறையைக் கூட்டிக் கழுவியது நான்.)

பஞ்சுப் பொம்மை என்றால் கிணற்றடியில் வாளிக்குள் போட்டு அலசக்கூடிய சின்னதாக இருக்கட்டும். ஆள் உயரக் கரடி நம் புழுதிக்குச் சரிவராது, இருமல்தான் மிச்சம்.

9 வயது மகளுக்கு நீங்கள் வேறு கணக்குப் போட வேண்டும். அந்த வயதில் சாமானை விடக் கூட்டாளிதான் தேவை. கொக்கான் விளையாடத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அம்மம்மாவிடம் இருத்திவிடுங்கள், ஐந்து கல்லு போதும், அம்மம்மாவுக்கும் கை மறந்திருக்காது. பின்னேரம் அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால், கோட்டில் நின்று மறிப்பவர்களைத் தாண்டி ஓடுகிற கிளித்தட்டு. அதற்கு வேண்டியது கோடு கீற ஒரு தடி மட்டும்தான், ஆனால் கிளியாக நிற்பவர் நடுக்கோட்டில் ஓடுகிற ஓட்டத்துக்கு வீட்டில் யாரும் சோறு தீத்த வேண்டி வராது. சின்னவரைச் சேர்த்துக்கொள்ள "எவடம் எவடம், புளியடி புளியடி" என்று சொல்லி விளையாடுகிற விளையாட்டு நல்லது. கண்ணை மூடிக்கொண்டு கை நிறைய மண்ணோடு நடப்பதே நாலு வயதுக்குப் பெரிய சாகசம்.

ஒரு விசயத்தை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். "பிள்ளைகளை வெளியே விடுங்கள், காடு மேடெல்லாம் பொறுக்கி விளையாடட்டும்" என்று எழுதுபவர்கள் வன்னியில் பிள்ளை வளர்த்தவர்கள் இல்லை. வெளியே விடுவேன், ஆனால் கண்ணிவெடி எடுத்துத் துப்புரவு செய்த வளவுக்குள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை எதற்கு என்று எங்கள் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுத வருமுன்பே சொல்லிக்கொடுக்கிறோம். உலோகமாக, உருண்டையாக, வடிவாக எதைக் கண்டாலும் தொடாதே, எடுக்காதே, தட்டாதே, வந்து பெரியாக்களிடம் சொல்லு. போர் முடிந்து இத்தனை வருடமாயிற்று என்று நினைக்க வேண்டாம், மண் இன்னும் முழுதாக மறக்கவில்லை. இதனாலேயே வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போனால் கடையில் தொங்குகிற விளையாட்டுத் துவக்கை நான் வாங்கிக் கொடுப்பதில்லை. மகன் அழுதான், அழட்டும் என்று விட்டேன், ஊதல் ஒன்று வாங்கினேன், அதற்கு அடுத்த மூன்று நாள் நான் அழுதேன்.

வயது வித்தியாசமான இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டில் இருக்கும்போது உண்மையான சிக்கல் அக்காவின் சின்னச் சின்னச் சாமான்கள் தம்பியின் வாய்க்குப் போவது. மூன்று வயது தாண்டிவிட்டாலும் இன்னும் வாயில் வைக்கிறார் என்றால் மாபிள், மணி எல்லாம் உயரத்தில் இருக்கட்டும். ஊதாத பலூனும் கிழிந்த பலூன் துண்டும் அப்படித்தான், தொண்டையில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. எண்ணி விளையாடப் புளியங்கொட்டை கொடுங்கள், குன்றிமணி வேண்டாம். பார்க்க வடிவுதான், ஆனால் கடித்து விழுங்கினால் கடும் நஞ்சு.

அதை விடப் பயம் பொத்தான் பற்றரி. பாடுகிற வாழ்த்து மட்டை, மின்னுகிற மோதிரம், குட்டி ரிமோட் எல்லாவற்றிலும் காசு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான். விழுங்கித் தொண்டையில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். பற்றரி மூடி ஆணி போட்டு இறுக்கியிருக்காத சாமானை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். விழுங்கியிருப்பாரோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நாளைக்கு வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பலம் கூடிய குட்டிக் காந்தங்களும் இதே மாதிரித்தான், இரண்டு மூன்று உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சரி, அண்ணாவிடம் என்ன கேட்பது? காசாக அனுப்பச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. தச்சு வேலைக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் ஒரு கரம் போர்ட் வாங்குங்கள். 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு, நாலு மூலை. அக்கா முறைப்படி விளையாடுவா, தம்பி இப்போதைக்குக் காய்களை நிறம் பிரித்து அடுக்கிக் குழிக்குள் தள்ளட்டும், ஆறு வயதில் அக்காவையே வெல்லுவார். இரவில் நீங்களும் வீட்டுக்காரரும் இருந்தால் நாலு பேர் ஆகிவிடும், போனைத் தேட ஆளிருக்காது. பெரிய போர்ட்டாகவே எடுங்கள், சின்னது இரண்டு மாதத்தில் அலுத்துவிடும்.

பவுடர் விசயத்தில் மட்டும் கவனம். கரத்துக்கு என்று விற்கும் பவுடர் பலதும் போரிக் பவுடர், விரலைச் சூப்பும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது கூடாது. உருளைக்கிழங்கு மா கிடைத்தால் அதைத் துளியாகத் தூவுங்கள், காய் நன்றாகவே வழுக்கும்.